நாற்பத்து மூன்றாவது பின்

ஜனவரி 9

நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. வலது கையில் ஆரம்பித்திருக்கிறதாம், அங்கேயே நிற்காதாம், மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாதாம். அந்த ஆளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. “இந்த வருஷம் செய்ய நினைச்சத இந்த வருஷமே செஞ்சிடுங்க சார்” என்றார். முப்பத்தோரு வருஷம் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன் நான். எந்த மெஷினைப் பார்த்தும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து பவளத்திடம் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றேன். “வயசாச்சுல்ல, குனிஞ்சு குனிஞ்சு படகையே நோண்டிட்டிருந்தா?” என்று தைலத்தை எடுத்துவந்து தேய்த்துவிட்டாள். அரை மணி நேரம் தேய்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 11

செய்ய நினைத்தது ஒன்றுதான். பவளம் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில். கல்யாணமாகி இந்தச் சென்னைக்குக் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கியவளிடம், “ஒருநாள் நம்ம சொந்தப் படகில் உன்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போறேன்” என்று பெரிய இவன் மாதிரி சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்துக்கு முன் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினோம். முப்பத்தோரடி. துறைமுகத்தில் பாய்மரக் கிளப்பின் மிதவையில் கட்டியிருக்கிறது. அவளும் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டாள், என்னைவிட நன்றாகவே பிடிக்கிறாள்.

ஏப்ரலில்தான் தென்மேற்கிலிருந்து மிதமான காற்று கிடைக்கும், முதுகில் தள்ளிக்கொண்டே போகும். மே வந்தால் புயல் பயம். ஆகவே ஏப்ரல் ஐந்தாம் தேதி கிளம்புவது என்று முடிவு. எட்டு நாள் ஆகலாம். பவளம் தன் தம்பி இளம்பரிதிக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டாள். அவன் அங்கே துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறான்.

இந்த ஏப்ரல் இல்லையென்றால் எந்த ஏப்ரலும் இல்லை. அது எனக்குத் தெரிந்தால் போதும்.

ஜனவரி 13

பிரச்சினை அந்தப் பெரிய பாய். பின்காற்றுக்கென்றே தைத்த மெல்லிய பாய், ஆரஞ்சும் வெள்ளையும். விரிந்தால் படகைவிடப் பெரிதாக நிற்கும். அதை இறக்க ஒரு நீளத் துணிக்குழாய் வைத்திருக்கிறேன். படகின் முன்தளத்தில் நின்று இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தால் குழாய் மேலிருந்து இறங்கிப் பாயை விழுங்கும். இத்தனை நாளும் நான்தான் இழுத்தேன். போன மாதம் இழுக்கும்போது வலது கை பாதியில் விட்டுவிட்டது. பவளம் சுக்கானில் இருந்ததால் பார்க்கவில்லை.

ஃபர்லர் ஒன்று போட்டுவிட்டால் முன்னால் போகவே வேண்டாம். படகின் மூக்கில் ஒரு உருளை, உச்சியில் ஒரு சுழலி, நடுவே முறுக்குக் கயிறு. பின்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்தால் பாய் தானாகச் சுருண்டுகொள்ளும். பவளமே செய்யலாம்.

அவளிடம் சொன்னேன்: “உன் வசதிக்குத்தான்.” “அடேங்கப்பா, எனக்கா! சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னைக்கு?” என்றாள்.

ஜனவரி 15

பொங்கல். கரும்பு வெட்டச் சொன்னாள். அரிவாள் மழுங்கிவிட்டது என்றேன்.

ஜனவரி 22

காசிமேட்டில் ஜெபராஜின் கொட்டகைக்குப் போனேன். விசைப்படகுகளுக்கும் எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கும் கயிறு, கம்பி வேலை செய்கிறவர். ஐம்பது வயது, வாயைத் திறந்தால் மூடமாட்டார். இரண்டு ஃபர்லர்களை வரவழைத்து வைத்திருந்தார்.

ஒன்று கீழிருந்து சுற்றும் வகை. தட்டையான பாய்க்குச் சரி. எங்கள் பாய் தொப்பை போட்ட பாய், கீழிருந்து சுற்றினால் மேலே மூட்டை கட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்று மேலிருந்து சுற்றுவது. உருளையைத் திருப்பினால் முறுக்குக் கயிறு வழியாக அந்தத் திருப்பம் உச்சிக்குப் போய்ப் பாயின் தலை முதலில் சுருளும், அப்புறம் இடுப்பு, கடைசியில் கால். வேலை அதிகம், கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு இதுதான்.

உருளையில் சின்னது, பெரியது என்று இரண்டு அளவு. ஜெபராஜ் சின்னதே போதும் என்றார். உத்தரத்தில் மாட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது இழுப்பில் கயிறு கையிலிருந்து நழுவியது.

“கயிறு வழுக்குது” என்றேன்.

“புதுக் கயிறு சார் இது. வழுக்காதே?”

“அப்போ என் கைல எண்ணெய் இருக்கும். பெரிய உருளையே போடுங்க. கயிறும் ஒரு சுற்று தடிமனா வேணும்.”

“இன்னா சார், முப்பத்தோரடி போட்டுக்குப் போயி கப்பலுக்குப் போடறத கேக்குற?” என்று சிரித்தவர், என் கையை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 4

பொத்தான் வைத்த சட்டை போடுவதை விட்டுவிட்டேன். பனியன் துணியில் தலைவழியாக மாட்டும் சட்டைகள் ஆறு வாங்கினேன். “காலேஜ் போகப் போறீங்களா?” என்றாள் பவளம். கோடை வரப்போகிறதே என்றேன்.

பிப்ரவரி 19

ஜெபராஜ் கம்பத்தின் மேலேறி உச்சியிலிருந்து மூக்குவரை அளந்தார். பவளம் கீழே நின்று நாடாவைப் பிடித்தாள், நான் எண்ணை எழுதினேன். எழுதியதை அவள் வாங்கிப் பார்த்து, “இது ஏழா ஒண்ணா?” என்று கேட்டாள். எரிந்து விழுந்துவிட்டேன். ஆள் எதிரில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவள் எண்ணைத் தானே எழுதி ஜெபராஜிடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். நான் சாப்பிட்டேன். 

மார்ச் 8

மாட்டிவிட்டோம்! காலை ஆறரைக்கு ஆரம்பித்து மதியம் இரண்டுக்கு முடித்தோம்.

கப்பலில் நான் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. முடுக்கியவன் வேறு, பார்க்கிறவன் வேறு. ஒருவன் நட்டை முடுக்கினால் இன்னொருவன் ஸ்பானர் போட்டு இழுத்துப் பார்த்து, நட்டுக்கும் அடிக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட வேண்டும். கோடு விலகினால் நட்டு கழல்கிறது என்று அர்த்தம். முடுக்கியவனே கோடு போட்டால் அவனை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவேன். இரண்டு பேரை இறக்கியும் இருக்கிறேன்.

எங்கள் படகில் முடுக்குவது நான், பார்ப்பது பவளம். பெயின்டுக்குப் பதில் அவளுடைய சிவப்பு நகப் பாலிஷ். நாற்பத்தோரு இடத்தில் கோடு போட்டிருக்கிறாள். ஃபர்லரின் மேல் ஷாக்கிள் (லாட வடிவ வளையம், அதன் வாயை ஒரு திருகு பின் பூட்டும்) நாற்பத்திரண்டு, கீழே உருளையைப் படகின் மூக்கோடு பிடித்திருக்கும் ஷாக்கிள் நாற்பத்து மூன்று. இன்று ஜெபராஜ் முடுக்கினார், நான் மேஸ்திரிபோல் நின்றேன். பின்னின் தலையிலிருக்கும் துளையில் மெல்லிய கம்பி கோத்து, கழலாதபடி முறுக்கியும் விட்டார். பவளம் ஸ்பானரால் நான்கு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறந்தாள்.

மார்ச் 15

துறைமுகத்துக்கு வெளியே போய்ச் சோதனை. தென்கிழக்கிலிருந்து எட்டு நாட் வேகத்தில் மிதமான காற்று. பாயை ஏற்றினோம், விரித்தோம். படகு ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுக் கிளம்பியது பார், அடடா!

பிறகு பவளத்தைச் சுருட்டச் சொன்னேன். உட்கார்ந்த இடத்தில் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். உச்சியில் ஒரு சுற்று விழுந்தது, இரண்டு விழுந்தது, ஒரு நிமிஷத்தில் அவ்வளவு பெரிய பாயும் சுருண்டு கம்பம்போல் நின்றது.

“இவ்ளோதானா? இதுக்கா ஆறு வருஷமா முன்னாடி போய் மல்லுக்கட்டுனீங்க?”

“இன்னொருதரம் செய்.”

நான்கு தடவை செய்தாள். நான் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போய்விடலாம், நிச்சயம் போய்விடலாம். எனக்கு என்ன ஆனாலும் இவள் படகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

ஒரே ஒரு குறை. உருளை ரொம்பக் கீழே இருப்பதால் சுற்றுக் கயிறு முன் கம்பியில் உரசுகிறது. நாலு விரல் உயர்த்தி மாட்ட வேண்டும்.

மார்ச் 20

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

பவளம் பயணச் சாமான் வாங்கக் கொத்தவால்சாவடிக்குப் போயிருந்தாள். நான் தனியாகப் படகுக்குப் போய் உருளையை உயர்த்தினேன். நாற்பத்து மூன்றைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. கழற்றுவதற்கே முக்கால் மணி. மாட்டும்போது ஸ்பானர் இரண்டு முறை தண்ணீரில் விழப் பார்த்தது. இடது கையால் முடிந்தவரை முடுக்கினேன். கம்பியைத் துளையில் கோக்க முடியவில்லை. விரல் சொன்னபடி கேட்கவில்லை, சனியன். எத்தனை தடவை முயன்றேன் என்று எண்ணவில்லை.

ஜெபராஜுக்குப் போன் போட்டால் பத்து நிமிஷத்தில் வந்திருப்பார். போனைக் கையில் எடுத்தேன். வந்தால் கேட்பார், பிறகு பவளத்திடம் பேசுவார், பிறகு டாக்டர், பிறகு பயணமாவது ஒன்றாவது. போனை வைத்துவிட்டேன்.

பவளத்தின் பாலிஷ் பாட்டில் உள்ளே டப்பாவில் இருந்தது. கோட்டை நானே போட்டேன்.

சாயங்காலம் அவள் கேட்டாள்: “உருளைய ஏத்திட்டீங்களா? நான் பாக்க வேணாமா?”

“ஜெபராஜ் வந்திருந்தார். பார்த்துட்டார்.”

மார்ச் 23

இடது கையால் எழுதுகிறேன். நேற்றிலிருந்து வலது கையில் பேனா நிற்பதில்லை.

நேற்று கடைசிச் சோதனை. காற்று பதினான்கு நாட். பாயை விரித்து ஒரு மணி நேரம் ஓடினோம். பவளம் கயிற்றில், நான் சுக்கானில். சுருட்டச் சொன்னேன். நாலு இழுப்பு இழுத்திருப்பாள். முன்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். உருளை மூக்கைவிட்டுக் கிளம்பிவிட்டது. இரண்டு கிலோ இரும்பு, பாயின் நுனியில் தொங்கிக்கொண்டு அங்குமிங்கும் வீசி அடிக்கிறது.

பாயின் ஏற்றுக்கயிற்றை விடுவித்திருந்தால் எல்லாமே தண்ணீரில் விழுந்திருக்கும். அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் பூட்டு என் வலது கைப் பக்கம்தான் இருந்தது. ஒரு நெம்புகோலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்க முடியவில்லை. “விடுங்க! கயித்த விடுங்க!” என்று கத்தினாள். நான் வெறும் பொம்மைபோல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஏன் விடவில்லை என்று புரியாமல், உருளையைப் பிடிக்க அவளே முன்தளத்துக்கு ஓடினாள்.

தோளில் அடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறம் சுக்கானை விட்டுவிட்டு இடது கையால் பூட்டைத் திறந்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

காறையெலும்பு இரண்டு துண்டு. தலைக்கு ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். குறைந்தது எட்டு வாரம் என்றார் டாக்டர். எட்டு வாரம் என்றால் மே பாதி போய்விடும்.

மார்ச் 26

ஜெபராஜ் ஷாக்கிளைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பின் கடலுக்குப் போய்விட்டது. வளையம் மட்டும்தான். அதில் பாதிச் சிவப்புக் கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்லவேளையாக பவளம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“கம்பி கட்டலியா சார்?” என்றார்.

“கட்டலை.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“நீங்கதான் பார்த்தீங்கன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்.”

மனிதர் வளையத்தை என் முன்னால் வைத்தார். “நான் ஒண்ணியும் சொல்லமாட்டேன் சார். ஆனா நீ சொல்லிடு” என்று எழுந்து போனார். டீயைக் குடிக்கவில்லை.

மார்ச் 29

பவளம் அந்த வளையத்தை அலமாரியில் பார்த்துவிட்டாள். ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது நான் போட்ட கோடுதானே?”

நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எட்டாம் தேதி நான்தானே இழுத்துப் பாத்தேன். உருளைய ஏத்தினப்ப இதக் கழட்டியிருக்க மாட்டீங்க, ஜெபராஜ் அண்ணன் என் கோட்டப் பாத்துட்டு சரியா இருக்குன்னு விட்டிருப்பாரு. நான் ஒழுங்கா இழுக்கல போலருக்கு.”

நான் வாயைத் திறக்கவில்லை. இதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

ஏப்ரல் 5

இன்று கிளம்பியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 6

இளம்பரிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில். “என்னாலதான்டா கெட்டுச்சு. ஒரு பின்ன சரியா பாக்கல நானு. அவரு ஒரு வார்த்தை திட்டல, தெரியுமா? திட்டியிருந்தாக்கூட பரவால்ல. சும்மா சும்மா வந்து என் பக்கத்துல உக்காந்துக்கறாரு.”

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 13

உண்மையைச் சொல்லாமலிருக்க எனக்கு நானே என்னென்னவோ சாக்கு சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் எலும்பு கூடட்டும், வலி குறையட்டும், சித்திரை பிறக்கட்டும். இன்று அவளுக்குத் தலை வாரிவிட முயன்றேன். சீப்பு மூன்று முறை விழுந்தது. “விடுங்க, கழுத்து வலியோட எதுக்கு?” என்று ஒற்றைக் கையால் தானே வாரிக்கொண்டாள்.

ஏப்ரல் 21

அவள் ஒரு தாளில் ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை வரிசை எண் போட்டு, ஒவ்வொரு பின்னையும் எந்தத் தேதியில் பார்த்தாள் என்று ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். “மத்ததும் நான் தப்பா பாத்திருந்தா? இனிமே நீங்களே கோடு போடுங்க. என்னை நம்பாதீங்க” என்றாள்.

போதும்.

ஏப்ரல் 22

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. ஒற்றைக் கையால் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து வியாதியின் பெயரைச் சொன்னேன். அது என்ன செய்யும் என்பதையும், எவ்வளவு நாள் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பிறகு மார்ச் இருபது. ஜெபராஜ் வரவே இல்லை, கோடு என்னுடையது, நீ பார்த்த பின் சரியாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டாணித் தோலைக் கீழே போட்டுவிட்டு என் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே சதை வற்றியிருப்பதைத் தடவினாள்.

“எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“ஜனவரி ஒன்பது.”

“தைலம் தேச்சேனே, அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா நீ போக வேண்டாம்னு சொல்லிடுவே.”

“நானா?” என்றாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிறகு அழவும் இல்லாமல், கோபமும் இல்லாமல், சமையல் விஷயம் சொல்வதுபோல் சொன்னாள்: “சொல்லியிருந்தா கட்டாயம் கெளம்பணும்னு நானே நின்னிருப்பேன். அந்தப் பின்னை நான் முடுக்கியிருப்பேன்ல, ஜெபராஜ் அண்ணன் பாத்திருப்பாரு. இந்நேரம் நாம போர்ட் பிளேர்ல இருந்திருப்போம்.”

 

ஏப்ரல் 23

என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தாள்.

ஏப்ரல் 25

இன்றைக்குத்தான் பேசினாள். “தம்பிக்கு நீங்களே சொல்லுங்க. நான் இல்ல, நீங்கன்னு.”

போனை அவளே என் காதில் பிடித்துக்கொண்டாள். பின்னைப் பற்றிச் சொன்னேன். வியாதியைச் சொல்லவில்லை. இளம்பரிதி நல்ல பையன், பதறிப்போய் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டான். “அட விடுங்க மாமா, யாருக்கும் நடக்கறதுதான். அக்காவுக்குச் சரியாகட்டும். கடல் எங்க ஓடிப்போவுது? அடுத்த வருஷம் ஏப்ரல்ல வாங்க, நான் ஜெட்டில வந்து நிக்கிறேன்.”

நான் பவளத்தைப் பார்த்தேன். அவள் போனைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் இல்லடா. அடுத்த மாசம் வர்றோம், ஃப்ளைட்ல. அவருக்கு ஒரு வீல்சேர் சொல்லி வை, ஏர்போர்ட்ல நடக்க ரொம்ப தூரம்.”

நான் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவள் ஜன்னல் பக்கம் எந்த சீட் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.